செகண்ட் பார்ட்டி

பெரிய மார்க்கெட்டிலிருந்து தவளக்குப்பம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், மீன் விற்றுத் திரும்பும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பத்திரத்துல நான் செகண்ட் பார்ட்டியாம்டி. மொத வரியில மட்டுந்தான் என் பேரு.”

“நீயா படிச்ச?”

“இங்கிலீஷை நான் எங்க படிக்க? அண்ணன் ‘சும்மா ஒரு கையெழுத்துதான்’னுச்சு. டைப் அடிச்ச பொண்ணுதான் விடல. ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லுச்சு. அப்பா வூட்ல என் பங்கை நானே வேணான்னு எழுதிக் குடுக்குறேனாம்!”

“ஐயையோ, போட்டுட்டியா?”

“பேனாவை வச்சிட்டு எழுந்து வந்துட்டேன். நேத்து அம்மன் கோயில்ல அந்தப் பொண்ணுக்கு அர்ச்சனை பண்ணேன்.”

“பேரு, நட்சத்திரம் கேப்பாங்களே?”

“ரெண்டும் தெரியாது. ‘கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிற பொண்ணு’ன்னேன். பூசாரி அப்படியே மந்திரத்துல சேத்துச் சொன்னாரு.”