இரண்டு முறை ஹாரன்

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. சுரங்கத்துக் கட்டுப்பாட்டு அறையில் எனக்குக் கொடுத்திருந்ததில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு விட்டுப்போகும். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் லாரி சீட்டில்தான் பிழைப்பு. மாடி வீட்டு உயரத்து லாரி. பாறையைச் சுமந்துகொண்டு பள்ளத்திலிருந்து மேலே ஏறும்.

பிறகு தானாக ஓடும் லாரிகள் வந்தன. டிரைவர்கள் முப்பத்தெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் திரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கேட் வாசலில் என்னைக் கண்டால் பழைய கூட்டாளிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் நின்று பேசினார்.

"ஒரு உயிர் போனாத்தான் நம்ம அருமை தெரியும்ப்பா. அப்பத்தான் திரும்பக் கூப்பிடுவாங்க."

அவர் வயிற்றெரிச்சலில் சொன்னார். நான் நாலு நாள் யோசித்தேன். அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

புழுதி படிந்தால் லாரிக்குக் கண் தெரியாது, நின்றுவிடும். கண் என்பது முன்பக்கத்துக் கேமரா. அதைத் துடைக்கிற வேலை என் தங்கை வீட்டுக்காரருக்கு. நான்தான் சொல்லி வாங்கிக்கொடுத்தேன். அவர் லாரி முன்னால் வந்து நின்று கையைத் தூக்குவார். நான் அறையிலிருந்தே லாரியை நகராதபடி பூட்டிவிட்டு இரண்டு முறை ஹாரன் அடிப்பேன். அது கேட்ட பிறகுதான் துணியை எடுப்பார்.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். வேறு யாராவது என்றால் என்மேல் சந்தேகம் வரும். தங்கை புருஷனை எவன் கொல்வான்? அதோடு, அடுத்தவர் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

காலை பத்து மணி இருக்கும். ஏழாம் நம்பர் லாரி நின்றது. மாப்பிள்ளை கையைத் தூக்கினார். நான் பூட்டவில்லை, ஹாரனை மட்டும் அடித்தேன். அவர் நிதானமாகத் துடைத்தார். புழுதி விலக விலகத் திரை முழுக்க அவர் முகம். 'வழியில் யாரும் இல்லை' என்ற பொத்தானை அழுத்தினேன். லாரி கிளம்பியது.

தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் அழுதேன். நடிப்பில்லை, ஐயா. தங்கமான மனிதர்.

பூட்ட மறந்த ஆளின் தவறு என்று கம்பெனி எழுதி முடித்தது. ஒரு டிரைவரைக்கூடத் திரும்ப அழைக்கவில்லை. என் நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது லாரி தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறதாம்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை கேட்டாள். "அண்ணா, பூட்டின அப்புறம்தானே ஹாரன் அடிப்பீங்க? ரெண்டு தடவ ஹாரன் கேட்டுச்சுன்னு அங்க நின்னவங்க சொல்றாங்களே. பூட்ட மறந்துட்டீங்கன்னா அத எதுக்கு அடிச்சீங்க?"

அவளே உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, பாவம், துக்கத்தில் இருக்கிறாள்.

எழுதிக்கொண்டீர்களா? இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டினேன், என் வண்டியில் ஒரு நாய்கூட அடிபட்டதில்லை. மனிதன் கையில் வண்டி இருந்தால் அதுதான் வித்தியாசம்.