பொடிசு விற்பனைக்கு

ஒரு பெயர் தேறுமா தேறாதா என்று சொல்ல எனக்கு ஒரு கோப்பை காபி ஆறும் நேரம் போதும், ஐயா. நீங்கள் கொடுத்த காபி ஏற்கெனவே ஆறிவிட்டது, அதனால் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் இணைய முகவரிகளுக்கு மதிப்புப் போடுவது. கடை வைப்பவர்கள், வீடு விற்பவர்கள், பல் மருத்துவர்கள் என்று பலரும் வந்து, "இந்தப் பேரை வாங்கலாமா?" என்று கேட்பார்கள். முதலில் அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். போனில் ஒரு தடவை சொன்னதும் கேட்பவர் தப்பில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். "எப்படி எழுதணும்?" என்று இரண்டாம் முறை கேட்டால் அந்தப் பெயரைத் தலைமுழுகிவிடலாம். ஒரு பழச்சாறு வியாபாரி வாழைப்பழம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ழகரம் பேச்சுக்கு அழகு. ஆங்கில எழுத்தில் முகவரியாக எழுதும்போது அதைப் போல ஒரு சனியன் கிடையாது, இந்த ஒரு சொல்லில் அது இரண்டு இருக்கிறது. "உங்க ஆளுங்க இதை அடிச்சு முடிக்கறதுக்குள்ள பழம் அழுகிடும் சார்" என்றேன். கோபித்துக்கொண்டு போய் அதையே வாங்கினார். இப்போது அவரைத் தேடுபவர்களில் பாதிப்பேர் ஏதோ எலிமருந்துக் கம்பெனியின் வாசலில் போய் நிற்கிறார்களாம்.

சில சமயம் நானே வாங்கி விற்பதும் உண்டு. பெயர் என்பது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சமாச்சாரம். மறந்துவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்து அது பொதுவில் வந்து விழும். யார் கை முந்துகிறதோ அவருக்கு. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அப்படி விழுந்ததுதான் பொடிசு டாட் காம்.

நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பொடிசு. நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. ழகரம் இல்லை, நெடில் இல்லை, நடுவில் கோடு இல்லை. எந்த வீட்டில்தான் ஒரு பொடிசு இல்லாமல் இருக்கிறது. குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனி இந்த மாதிரிப் பெயருக்காக நாயாய் அலைவது எனக்குத் தெரியும். பார்த்ததும் வாயில் எச்சில் ஊறியது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் அவசரக்குடுக்கை இல்லை. அடுத்தபடியாகப் பெயரின் பூர்வோத்தரத்தைப் பார்க்க வேண்டும். முன்பு அங்கே சூதாட்டம், ஆபாசம் என்று ஏதாவது குடியிருந்திருந்தால் அந்த நாற்றம் லேசில் போகாது. பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இடங்கள் உண்டு, அங்கே போய்ப் பார்த்தேன். பொடிசு படு சுத்தம். ஒரு அப்பா தன் மகளுக்கு ஆறு வயதானபோது வாங்கியிருக்கிறார். பத்துப் பதினோரு வருடம் அவள் கிறுக்கிய படங்களாகவே இருக்கின்றன. ஒரு யானைக்கு ஆறு கால் போட்டிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் படங்களெல்லாம் போய், பதினேழு வயதுப் பெண்ணின் புகைப்படம் ஒன்றும் அதன் கீழே அவள் அம்மா எழுதிய நாலு வரியும் வந்திருந்தன. "பொடிசு, அன்னிக்கு அப்பா பேசினது தப்புதான். அவரே சொல்றாரு. யாரும் உன்மேல கோபமா இல்ல. சாவி அதே பூந்தொட்டிக்கு அடியிலதான் இருக்கு. இந்த முகவரிக்கு ஒரு வரி எழுதும்மா." என் நோட்டில் 'குடும்பப்பாங்கான பெயர்' என்று குறித்துக்கொண்டு வாங்கிவிட்டேன்.

மூன்றாவது, ஆள் நடமாட்டம். முதல் வாரம் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது வருகை. சந்தோஷப்பட்டது வீண். அதில் முப்பது, பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா ஒருவரே காலையிலிருந்து திரும்பத் திரும்ப வந்து பார்ப்பது. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன், ஆனாலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு, அந்தப் பெயருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் விழும்படி செய்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கடிதம் வந்தால் பெயருக்கு உயிர் இருக்கிறது என்று வாங்குபவரிடம் காட்டலாம். எண்ணுவதோடு சரி, மற்றவர் கடிதத்தில் மூக்கை நுழைக்கும் ஆள் நான் இல்லை. எழுதியவர்கள் பதிலுக்குக் காத்துக்கிடக்கக் கூடாதே என்று, தானாகவே ஒரு பதில் போகும்படியும் வைத்தேன். என் சொந்த வாசகம் அது. "அன்புடையீர், பொடிசு இப்போது விற்பனைக்கு. விருப்பமிருந்தால் தொடர்பு கொள்ளவும்." மரியாதையில் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த அம்மா என்னைத் தேடி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் அறை ஜெராக்ஸ் கடைக்கு மேலே, படி செங்குத்து. மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே அவர் கணவரின் இறப்புச் சான்றிதழ் இருந்தது.

"தம்பி, பொடிசு எங்க பொண்ணு பேரு."

"இப்ப அது என் பேர்லதான்மா இருக்கு. நீங்க புதுப்பிக்காம விட்டுட்டீங்க."

"அவர்தான் வருஷா வருஷம் பார்த்துக்குவாரு. போன வருஷம் போயிட்டாரு. நோட்டீஸ் எல்லாம் அவர் மெயிலுக்கு வந்திருக்கு. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

வருகிறவர்களிடமெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன், பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்று. அவருக்கும் சொன்னேன். அந்த ஆலோசனைக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை. பெயருக்கு விலை சொன்னேன். வேறொரு பெயர் வாங்கியிருப்பதாகச் சொன்னார், பொடிசு கோடு அம்மா கோடு வீடு. இரண்டு கோடு, ஐயா. சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன்.

"அதை உங்க பொண்ணு எப்படிம்மா கண்டுபிடிப்பா?"

"அதுக்குத்தான் தம்பி இங்க வந்தேன்."

வாசல்வரை போனவர் திரும்பி, "லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார்.

"எதுவும் வரலைம்மா" என்றேன்.

அதைப் பொய் என்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். திங்கட்கிழமையே ஒன்று வந்துவிட்டது என்று சொல்லியிருந்தால், அவர் கண்ணில் அந்தப் பெயரின் மதிப்பு பத்து மடங்கு ஏறியிருக்கும். ஏற்கெனவே எட்டாத விலை. அதை இன்னும் எட்டாததாக்கி அவர் வயிற்றெரிச்சலை ஏன் கொட்டிக்கொள்ள வேண்டும்? அதோடு, பெண் கிடைத்துவிட்டால் நாலு பத்திரிகையில் வரும். காணாமல்போன பெண்ணின் பெயரை எந்தக் கம்பெனியாவது குழந்தைச் சட்டையில் தைக்குமா? அந்தச் சட்டைக் கம்பெனியோடு வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டியிருந்தது. அதுவரை விஷயம் அப்படியே இருக்கட்டும் என்று தெரிந்தேதான் விட்டேன், அதை நான் மறைக்கவில்லை.

அந்தப் பெண் வியாழன் சாயங்காலம்வரை தான் தங்கியிருந்த விடுதியின் அலுவலக அறைக் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை, பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று விடுதிக் காப்பாளர் உங்களிடம் சொன்னாராம். எங்கே போனாள் என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியாது. நான் யாரையும் கையைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. வெள்ளிக்கிழமை பெயர் நல்லபடியாகக் கைமாறியது.

கடிதங்களைக் கேட்கிறீர்கள். விற்கிற பெயரைக் கழுவித் துடைத்துத்தான் கொடுக்க வேண்டும், அழித்துவிட்டேன். நினைவில் இருப்பதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை வந்தது. "அம்மா, நான்தான். அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை பார்த்தேன், எழுதத்தான் தைரியம் வரல. அப்பாவுக்கு நிஜமாவே கோபம் போயிடுச்சா? சாவி இன்னும் பூந்தொட்டிக்கு அடியில இருக்கா? இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும், வந்துடறேன். வியாழக்கிழமை வரைக்கும் இந்த விடுதியில இருப்பேன்." கீழே தெருப் பெயர், அறை எண் ஏழு.

புதன்கிழமை வந்ததில் அதே கேள்விதான், சாவி இருக்கா என்று.

வியாழன் சாயங்காலம் வந்தது சின்னது. "ரெண்டு தடவையும் ஒரே பதில்தான் வருது. பொடிசு விற்பனைக்குன்னு. சரிம்மா, புரிஞ்சுது."

நீங்கள் ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? கடிதங்களைப் படித்தாயா என்று முதலில் கேட்டீர்களே, அதற்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர் கடிதத்தைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு என்றுமே கிடையாது, ஐயா. எண்ணுவதோடு சரி. மொத்தம் மூன்று.