இருநூற்றேழாவது அட்டை

மாலை ஆறேகால் மணி. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புங்குடுதீவுக்குள் வரும் தெரு. கடைசி பஸ் போய்ப் பத்து நிமிடம். இரண்டு பக்கமும் கடல் வற்றிய சேறு... அழுகிய சாதாழைப் பாசியின் நாற்றம். தெருவில் ஒரே ஒரு மனிதர். கக்கத்தில் ஒரு சப்பாத்துப் பெட்டி.

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். மெழுகுதிரி ஒன்றுதான் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டீர்களா? சரி.

அந்த மனிதர் தியாகலிங்கம். என் நண்பன் சண்முகரத்தினத்தின் அத்தான். ஊர் நாரந்தனை. யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்தில் உதவியாளர். முப்பத்துமூன்று வயதில், தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகவியலும் தகவல் விஞ்ஞானமும் முதுகலைக்குப் படிக்கப் பதிந்திருந்தார். அந்தப் பட்டம் இருந்தால்தான் நூலகர் ஆகலாம். பரீட்சைகள் எல்லாம் பாஸ். ஆய்வேடு மட்டும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இரண்டு தரம் தவணை கேட்டாயிற்று. மூன்றாவது தரம் கொடுக்கமாட்டார்கள்.

பெட்டிக்குள் இருந்தது அவருடைய வேலை அல்ல. அவரோடு கூடப் படித்த பர்வதவர்த்தினியின் வேலை. நயினாதீவில் குருக்கள் வீட்டுப் பெண். தீவுகளில் பூசகர் வீடுகளிலும் கமக்காரர் வீடுகளிலும் தூசிபடிந்து கிடந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிப் பட்டியல் எடுத்தாள். ஒரு சுவடிக்கு ஓர் அட்டை. பெயர், எத்தனை ஏடு, என்ன நிலையில் இருக்கிறது. அடியில் இருப்பிடம்: யார் வீடு, எந்த அலுமாரி, எத்தனையாவது தட்டு. இருநூற்றாறு அட்டை எழுதிவிட்டாள்.

1977 கார்த்திகை. நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த வள்ளத்தில் ஒன்பது பேர். நடுக்கடலும் இல்லை, இறங்குதுறை கண்ணுக்குத் தெரிகிற தூரம். காற்று மாறியது. வள்ளம் ஒரு பக்கம் சரிந்து... நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது எட்டுப் பேர்.

மூன்று நாள் தேடினார்கள். பர்வதவர்த்தினியின் உடல் கிடைக்கவில்லை.

மாசி மாதம் தியாகலிங்கம் அவளுடைய தகப்பனிடம் போனார். சந்திரமௌலீசக் குருக்கள். மெலிந்த மனிதர். பெட்டியைத் தானே எடுத்துவந்து, மேலிருந்த தூசியைச் சால்வையால் துடைத்துக் கொடுத்தார்.

"பிள்ளையின்ரை வேலை கிடந்து செல்லரிக்கக் கூடாது, தம்பி. கொண்டுபோய் முடிச்சுவிடும். முன்பக்கத்திலை அவளின்ரை பேரையும் போடும்."

"ஓம் ஐயா. கட்டாயம் போடுவன்."

அந்தப் பெட்டியோடுதான் அன்றைக்கு அவர் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தார்.

அரைமைல் நடந்திருப்பார். பின்னால் ஒரு சத்தம். சளக்... சளக்... தண்ணீரில் ஊறிய செருப்போடு யாரோ நடக்கிற மாதிரி. நின்றார். அதுவும் நின்றது. நடந்தார். சளக்... திரும்பிப் பார்க்கவில்லை. சந்தியில் ஒரு லொறி வந்தது. கைகாட்டி ஏறிக்கொண்டார். மடியில் பெட்டியை வைத்தால் வேட்டி நனைகிறது. பெட்டியின் அடி ஊறிப்போய், மட்டை பிய்ந்து கையோடு வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு.

உள்ளே அட்டைகளில் மட்டும் ஈரம் இல்லை.

இரண்டு கிழமையில் எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் பிரதி எடுத்தார். நன்றி சொல்லும் பக்கத்தில் முதலில் அவள் பெயரை எழுதத்தான் எழுதினார். பிறகு யோசித்தார். இதில் உம்முடைய வேலை எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டார். பெயரை வெட்டிய பிறகு அவளுடைய அட்டைகளை வீட்டில் வைத்திருக்கப் பயம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி அன்னபூரணம் கோயிலுக்குப் போயிருந்தாள். குசினியில் அடுப்பை மூட்டி அட்டைகளைப் போட்டார். பற்றவில்லை. பச்சை விறகு மாதிரி ஓரத்தில் நுரை தள்ளிச் சீறின. மண்ணெண்ணெய் ஊற்றினார். ஊற்றி ஊற்றி... ஒரு போத்தல் முடிந்த பிறகுதான் சாம்பலானது.

அன்னபூரணம் திரும்பிவந்து வாசலிலேயே நின்றாள்.

"குசினிக்குள்ளை ஏன் கடல் மணக்குது?"

"மீன் மணமாக்கும்."

"கோயிலுக்குப் போற நாளிலை மீன் வாங்கிறனானே?"



தட்டச்சு செய்தது மாக்கிறேற் என்ற பெண், யாழ்ப்பாணப் பட்டணத்தில். வேலை முடித்துக் கட்டைக் கொடுக்கும்போது சொன்னாள்.

"சேர், அந்த இருநூற்றேழு எனக்கு விளங்கேல்லை. இருந்தபடியே அடிச்சிருக்கிறன்."

"இருநூற்றாறுதானே?"

அவர் கொடுத்த கைப்பிரதியை எடுத்துக் காட்டினாள். கடைசித் தாள். அவருடைய கையெழுத்து. அவருடைய மை.

'207. பெயர் இல்லை. ஏடு ஒன்று. நனைந்தது, ஓரங்களை மீன் அரித்துள்ளது. இருப்பிடம்: குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வடக்கே, முருகைக்கல் (பவளப்பாறை) இடுக்கு, மூன்று பாகம் (18 அடி) ஆழம்.'

தியாகலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. கடலுக்கடியில் என்ன ஏடு? அவள்தான். அன்றைக்கே குருக்களிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடினால் இது எங்கே இருந்தது, எப்படித் தெரியும் என்று ஊரே கேட்கும். தாளைக் கிழித்தார். மாக்கிறேற்றைக் கொண்டு கடைசிப் பக்கத்தைத் திரும்ப அடிப்பித்தார். கட்டுவதற்குக் கொடுக்குமுன் மூன்று தரம் பார்த்தார். இருநூற்றாறோடு முடிந்திருந்தது.

பரீட்சகர் கைகுலுக்கினார். தனியாளாக இவ்வளவு வேலையா என்று கேட்டார். ஓம் என்றார் இவர். பரீட்சகர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சிரித்துக்கொண்டு, "இந்த இருநூற்றேழை மட்டும் நீர் நேரிலை பார்த்திருக்க ஏலாது" என்றார்.

தட்டச்சுப் பிழை என்று சொல்லிச் சமாளித்தார். பட்டம் உறுதி.

1979 சித்திரை. வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம், சந்திரமௌலீசக் குருக்கள் நாரந்தனைக்கு வந்தார். கதிரை போட்டார்கள். இருக்கவில்லை.

"புத்தகம் பார்க்க வரேல்லை, தம்பி. அந்தப் பெட்டியைத் தாரும். அவளின்ரை எழுத்தெண்டு வீட்டிலை வேறை ஒண்டும் இல்லை. தாய் கேக்கிறா."

தியாகலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டார். பொய் ஒன்று வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

"எரிச்சுப்போட்டன், ஐயா."

 கிணற்றடியில் கப்பி கிரீச்... கிரீச்... என்று சுற்றுகிற சத்தம் மட்டும்.

"எனக்கு அவளை எரிக்கக் கிடைக்கேல்லை" என்றார் குருக்கள். "நீர் எரிச்சுப்போட்டீர்."

அப்போதுதான் தியாகலிங்கம் உள்ளே போய், கட்டிய ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். வடக்கே... முருகைக்கல் இடுக்கு... மூன்று பாகம். குருக்கள் அதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "நாளைக்குக் காலமை குறிகட்டுவானுக்கு வெளிக்கிடும்" என்றார்.

தியாகலிங்கம் இதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பட்டமளிப்புக்கும் போகவில்லை. சண்முகரத்தினத்திடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் அடங்கி அடங்கி, கடைசியில் வாய் அசைவதைப் பார்த்துத்தான் விளங்கவேண்டி இருந்ததாம்.

சங்கு குளிக்கிற வல்லிபுரம் என்ற ஒருவரை அல்லைப்பிட்டிப் பக்கத்திலிருந்து குருக்கள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தியாகலிங்கம் அவரை முன்பின் கண்டதில்லை. அடுத்த நாள் காலை, இறங்குதுறையில் வள்ளம் காத்திருந்தது. குருக்களும் வல்லிபுரமும் ஏறிவிட்டார்கள். தியாகலிங்கம் வருமுன்பே வள்ளம் தள்ளிவிட்டது. வந்திருந்தாலும் ஏறியிருக்கமாட்டார்.  இறங்குதுறைக் கல்லில் தனியே நின்றார்.

கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி. ஒரு அலை இல்லை. வள்ளத்தில் பேசுவது கரைவரை கேட்டது.

வல்லிபுரம் இறங்கினார். நேரம் போனது... மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"பிள்ளை கிடக்குது, ஐயா. எலும்புதான். ஒரு கையாலை பையை அணைச்சபடி."

குருக்கள் கைகூப்பினார்.

"மற்றவர் ஆர், ஐயா?"

"எந்த மற்றவர்?"

"பக்கத்திலை ஒரு ஆம்பிளை கிடக்கிறார். பிள்ளையின்ரை மற்றக் கை அவரின்ரை கையைப் பிடிச்சிருக்குது. அவர் பழுதாகேல்லை, ஐயா. கண் திறந்து கிடக்குது."

"அண்டைக்குப் போனது என்ரை பிள்ளை ஒராள்தான்" என்றார் குருக்கள்.

வல்லிபுரம் சாக்கோடு திரும்ப இறங்கினார். எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்தார். மூன்றாவது தரம் அந்த ஆளுக்காக இறங்கினார். இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தாராம். யாரும் இல்லை.

வள்ளம் கரைக்கு வந்தது. வல்லிபுரம் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லில் ஏறினார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு இருந்தது. இரண்டு எட்டு வைத்தார். நின்றார். எதிரே நின்ற தியாகலிங்கத்தின் முகத்தையே பார்த்தார். சாக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஊரில் தெரிந்தவரை விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டார்.

"தம்பி... நீர் எப்ப மேலை வந்தனீர்?"