இரண்டாவது பதில்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை அளவாக இருக்கிறது.

தொழிலில் எது நியாயம், எது அநியாயம் என்று பணியாளர்கள் நினைப்பதை அளக்கும் வினாத்தாள் தயாரிப்பதுதான் ஆலையில் என் வேலை. ஒரு சம்பவத்தைச் சொல்லி, 'இது சரியா, தவறா' என்று கேட்பேன். சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே தாளைக் கொடுப்பேன். இரண்டு முறையும் பதில் ஒன்றாக இருந்தால்தான் தாளை நம்பலாம். நாளுக்கொரு எடை காட்டும் தராசை யார் வாங்குவார்கள்?

என் தங்கை கணவர் தையல் கூடத்தின் மேற்பார்வையாளர். 'திருட்டைத் தடுக்க, வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டி வைக்கிறார் ஒரு மேலாளர்' என்ற கேள்விக்கு முதல் முறை 'சரி' என்று குறித்தார். கூடமே அப்படித்தான் குறித்தது. எங்கள் பின்கதவும் பூட்டித்தான் இருக்கும், சாவி அவரிடம்.

நடுவில் ஒருநாள் இஸ்திரி மேசையிலிருந்து புகை வந்தது. பெண்கள் கதவைத் தட்டினார்கள், அவர் ஓடி வந்து திறந்தார், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அடுத்த முறை 'தவறு' என்று குறித்தார். அதோடு விட்டாரா, கூடம் முழுக்கப் பேசி எல்லோரையும் அப்படியே குறிக்க வைத்தார். என் பல வருட உழைப்பு மண்ணாய்ப் போனது.

"என்ன மாப்ள, போன தடவை சரின்னீங்களே?"

"போன தடவை அந்தப் பொண்ணுங்க அலறுனதை நான் கேக்கலையே மச்சான்."

அலறல் கேட்டால் ஒரு நியாயம், கேட்காவிட்டால் ஒரு நியாயமா? 'நிலையான புத்தி இல்லாதவர்' என்று முதலாளிக்கு எழுதினேன். சாவி என் கைக்கு வந்தது.

கூடம் நிஜமாகவே தீப்பிடித்த அன்று பின்கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன்.

"மச்சான், கதவைத் திறங்க" என்றார் உள்ளேயிருந்து. அப்போதும் மரியாதையாகத்தான் கேட்டார்.

சாவி சட்டைப்பையில் இருந்தது. மறக்கவில்லை, பதறவுமில்லை. திறந்திருந்தால் அவருடைய இரண்டாவது பதில்தான் சரி என்று ஆகியிருக்கும். தட்டும் சத்தம் நிற்கும்வரை அங்கேயே இருந்தேன்.

இனி என் முகத்தில் விழிக்கப்போவதில்லை என்கிறாளாம் தங்கை. சின்ன வயதில் அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அவளும் மாறிவிட்டாள்.

அந்த வினாத்தாள் உங்கள் மேசைமேல்தானே இருக்கிறது? கொடுத்துப் பாருங்கள், ஐயா. அலறலை நானும்தான் கேட்டேன். என் பதில் மாறவில்லை.