பீரோவில் பூட்டாத கத்தி

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும் என் பக்கத்தில் இருந்தவர் தன் நண்பரிடம் சொன்னார்: "மச்சான், கத்தியை பீரோல வெச்சுப் பூட்டாம வந்துட்டேன்."

எதிர் சீட்டு அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

கத்திக்காரருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நண்பர், "காய் நறுக்குற கத்திதானே? ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?" என்றார்.

"ஜப்பான் கத்திடா. என் பொண்டாட்டி அவ பாட்டுக்கு எடுத்து கோழி எலும்பை வெட்டிட்டா, பல்லு பல்லா பேந்துடும்."

"எலும்புக்கே தாங்காதுன்னா அந்தக் கம்பெனிக்கு எதுக்குடா இவ்ளோ பேரு? நம்ம கத்தி வாட்ஸப் குரூப்ல பாதிப் பேரு, ஸ்டீல் முன்ன மாதிரி இல்லன்றாங்க."

"வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. நான் தக்காளி மட்டும்தான் நறுக்குவேன். ஒரு தடவைகூட தீட்டல, கூர் அப்படியே இருக்கு. குரூப்லயே எழுதியிருக்கேனே."

"அதைப் படிச்சுட்டுதான் நானும் வாங்கலாம்னு இருக்கேன்."

குரோம்பேட்டை வந்தும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவிக்குப் போன் போட்டார். போன் என் பக்கத்துக் காதில் இருந்ததால் அந்தம்மா பேசியது எனக்கும் கேட்டது.

"அந்தக் கத்தியைத் தொட்டியா?"

"தினமும்தான் தொடறேன். பீரோ சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெருவுல சாணை பிடிக்கிறவர் வர்றப்பெல்லாம் குடுத்துத் தீட்டி வெக்கிறேன். இல்லன்னா உங்க தக்காளிகூட நறுக்காது."

அவர் போனை மெதுவாகச் சட்டைப் பையில் வைத்தார்.

"என்னடா, எடுத்துட்டாங்களா?"

"இல்ல. பத்திரமா இருக்காம்."

"அப்பாடா. இரு, நானும் அதையே ஆர்டர் போட்டுடறேன்," என்று நண்பர் தன் போனை எடுத்தார்.