கொசுவின் ஆறாவது சுற்றுக்கு ஒரு நன்றியுரை

பெருமதிப்பிற்குரிய கழகத் தலைவர் அவர்களே! மங்கிய கண்களுக்கெல்லாம் மறுபடியும் பார்வை தந்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி அவர்களே! என் மகளைத் தம் மகனுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, என் ஆறாவது சுற்றை மட்டும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்ட என் அன்புச் சம்பந்தி அவர்களே! மூன்றும் ஒரே ஆள்தான், பதற வேண்டாம். மரியாதை குறைந்துவிடக்கூடாது என்பதற்காக மூன்று முறை அழைத்தேன். ஒரு கையில் துண்டுச்சீட்டும் மறுகையில் கடிகாரமுமாய் வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே! முதற்பரிசுக் கோப்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருக்கும் பல் மருத்துவர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! கணவன்மார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்ட தாய்மார்களே! எப்போது எழுந்து போகலாம் என்று கதவோரத்தில் காத்திருக்கும் நண்பர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அடக்கமான வணக்கம். அடக்கம் இத்தோடு முடிந்தது.

நமது சிறுவிமானக் கழகத்தின் ஆண்டு விழாவில் நன்றியுரை ஆற்றும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். எனக்கு ஏன் நன்றியுரை? வரவேற்புரை கொடுத்தால் வம்பு வளர்ப்பேன். வாழ்த்துரை கொடுத்தால் வாழ்த்தாமல் இறங்கிவிடுவேன். நன்றியுரை என்றால் நாலு பெயரை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவேன் என்று நம்பியிருக்கிறார்கள். பாவம். அதைவிட வேடிக்கை, நான் பேசி முடித்த பிறகு நீங்கள் ஒரு தீர்மானத்துக்குக் கை உயர்த்த வேண்டுமாம். நன்றி சொன்ன பிறகு தீர்மானமா? விருந்தாளி கை கழுவிய பிறகு இலை போடுகிறவர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தத் தீர்மானம் என்ன? "ஒரு முழத்துக்குக் குறைந்த இறக்கை கொண்ட விமானங்கள் கழக மைதானத்தில் இனிப் பறக்கக்கூடாது." எவ்வளவு பொதுவாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்! இந்தக் கழகத்தில் முழத்துக்குக் குறைந்த இறக்கை எத்தனை இருக்கிறது? ஒன்று. அது யாருடையது? என்னுடையது. அதன் பெயர் கொசு. ஊருக்கெல்லாம் பொதுவாகச் சட்டம் போட்டு ஒருவன் வீட்டுக் கதவை மட்டும் பூட்டுகிறார்கள். பூட்டுங்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பூட்டுங்கள்.

செயலாளர் சீட்டு கொடுத்துவிட்டார். "சுருக்கமாக" என்று எழுதியிருக்கிறார். சுருக்கம்தான் ஐயா, கொஞ்சம் பெரிய சுருக்கம்.

நண்பர்களே, நான் செருப்புக்கடை வைத்திருந்தவன். சம்பந்தி மனிதரின் கண்ணைப் பார்த்து வாழ்ந்தவர். நான் மனிதரின் காலைப் பார்த்து வாழ்ந்தவன். குனிந்து குனிந்து ஊரார் பாதத்துக்கு அளவெடுத்தவன், கடையை விட்டபிறகுதான் நிமிர்ந்தேன். நிமிர்ந்தால் மேலே வானம் இருந்தது. அடடா, இத்தனை நாள் இது இங்கேதான் இருந்ததா என்று எனக்கு அதிர்ச்சி.

அன்றைக்கே இந்தக் கழகத்தின் படியேறி வந்தேன். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவரே, உங்க வயசுக்கு மெதுவா போறதா ஒண்ணு வாங்கிக்குங்க. குடை மாதிரி இறக்கை இருக்கும், தானா மிதக்கும்" என்றார். வயதுக்கும் வேகத்துக்கும் என்ன பகை? மெதுவாகப் போவதற்கு எனக்கு விமானம் எதற்கு? என் முழங்கால் போதாதா? அந்த நிமிடம் முடிவு செய்தேன். செய்தால் சிறியதாகச் செய்வேன், சீறிப் பாய்வதாகச் செய்வேன், இவர் தலைக்கு மேலேயே பறக்க விடுவேன்.

யாரும் கற்றுத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லித் தந்திருப்பார்களே, அது எனக்கு எதற்கு? நுரை அட்டை வாங்கினேன். தோல் அறுக்கும் கத்தியால் இறக்கையை வெட்டினேன். நடுவில் ஒரு கார்பன் குச்சியைப் பதித்தேன். பறக்கிற பொருளுக்கு முதல் பகை காற்றல்ல நண்பர்களே, கனம். சக்கரத்தை எடுத்தேன். வண்ணத்தைச் சுரண்டினேன். வயிற்றைக் குடைந்தேன். வழிந்த பசையைக்கூட விடவில்லை, வழித்தெடுத்தேன். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். தராசு பட்டறையிலேயே தங்கிவிட்டது. வீட்டம்மா வந்து வாசலில் நின்றார். "இனிமே உப்பு கூடிப்போச்சு, புளி கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விமானம் மட்டும்தான் சரியான அளவில் இருக்கிறது.

உடல் தயார், உயிர் வேண்டுமே! மோட்டார் என்று பார்த்தால் கட்டைவிரல் நுனி அளவு. அதற்கு இரண்டு செல் பேட்டரி போட்டேன். பறந்தது. பறந்தது என்றால், யாரோ சொன்னார்களே என்பதற்காகப் பறந்தது. மூன்று செல் போட்டேன். முன்விசிறியை மாற்றினேன். விட்டம் குறைந்த விசிறி, ஆனால் அலகு நன்றாக முறுக்கியது, ஒரு சுழற்சியில் நெடுந்தூரம் காற்றைக் கடித்து இழுப்பது. விசையைத் தள்ளினேன். கொசு கத்தியது பாருங்கள்! யாருக்கோ பல்லைக் குடைந்து வைத்தியம் நடக்கிறது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பல் மருத்துவர் சிரிக்கிறார். அவருக்குத் தெரிந்த சத்தம்.

ஆனால் அந்த மூன்று செல் பேட்டரி இருக்கிறதே, அது மாப்பிள்ளை மாதிரி. கொஞ்சம் சூடானால் முகம் வீங்கிவிடும். என் மாப்பிள்ளையைச் சொல்லவில்லை சம்பந்தி, பொதுவாகச் சொன்னேன், உங்கள் தீர்மானம் மாதிரி. ஒருநாள் ஒரு பேட்டரி அப்பளமாய் உப்பிவிட்டது. "ஒண்ணு அது வெளியே போகணும், இல்ல நான் வெளியே போகணும்" என்றார் வீட்டம்மா. நான் யோசித்தேன். தாய்மார்கள் முறைக்க வேண்டாம், கொஞ்ச நேரம்தான் யோசித்தேன். அன்று முதல் பேட்டரிகள் வீட்டுக்கு வெளியே, மாடிப்படிக்கு அடியில், மணல் நிரப்பிய மண்பானையில் குடியிருக்கின்றன.

அடுத்த இடி எறிவதில் விழுந்தது. சக்கரம் இல்லாத விமானத்தை ஒருவர் கையால் எறிய வேண்டும், ஒருவர் தரையில் நின்று கையிலுள்ள விசைப்பெட்டியால் அதை ஓட்ட வேண்டும். எறிய வந்தவள் என் மகள், அதாவது தலைவரின் மருமகள். எறிந்தாள். கொசு புரண்டு மூக்கால் மண்ணைக் குத்தியது. மறுபடி எறிந்தாள். மறுபடி குத்தியது. விசிறி ஒரு பக்கம் சுழன்றால் உடம்பு மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும், சின்ன உடம்புக்கு அந்த முறுக்கு தாங்காது. நான் மோட்டாரைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன். அவள் மட்டும் மண்ணைத் தட்டிவிட்டு, "எப்பவும் இடது பக்கம்தானே புரளுது? நான் வலது பக்கம் சாய்ச்சு எறியறேன். நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்கப்பா" என்றாள். சாய்த்து எறிந்தாள். கொசு முறுக்கிக்கொண்டு நேரானது. நேராகி, நிமிர்ந்து, நெருப்பாய்ப் போனது! கண்ணில் ஒரு கோடுதான் மிஞ்சியது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். ஆம், இரண்டாம் சீட்டும் வந்துவிட்டது, சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது.

இந்த ஆண்டுப் பந்தயம். மைதானத்தின் இரு கோடியிலும் இரு கம்பங்கள். இரண்டையும் வெளிப்புறமாய்ச் சுற்றி வந்தால் ஒரு சுற்று. அப்படிப் பத்துச் சுற்று. தூரக் கம்பத்தின் அடியில் ஒரு கம்பிவலைக் கூண்டு. கூண்டுக்குள் கொடியோடு நடுவராக நம் தலைவர். கூடவே ஒரு பிளாஸ்க்கும் சம்பந்தியம்மாவும். விமானம் கம்பத்தைச் சுற்றிக் கூண்டின் பின்புறமாகப் போகும்போது அவர் கொடியை ஆட்ட வேண்டும். ஆட்டினால்தான் சுற்று கணக்கு.

என் கொசு பறந்தது. பல் மருத்துவரின் விமானம் பாதி வழி வருமுன் முழு வழி போய்த் திரும்பியது. பத்துச் சுற்றை முடித்தேன், இறக்கினேன், இரு கையையும் தூக்கினேன். "பெரியவரே, ஒன்பதுதான் ஆச்சு" என்றார் செயலாளர். ஐந்தாம் சுற்றுக்குக் கொடி ஆடியது. ஏழாம் சுற்றுக்கும் ஆடியது. ஆறாம் சுற்றுக்கு மட்டும் ஆடவில்லை! மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தே போய்க் கேட்டேன். "வரலை சம்பந்தி. வந்திருந்தா ஆட்டியிருப்பேன்" என்றார். ஐந்தாவது வந்ததாம், ஏழாவது வந்ததாம், ஆறாவது வரவில்லையாம். நடுவில் எங்கே போயிருக்கும் என் கொசு? டீ குடிக்கவா? பிளாஸ்க் இருந்தது கூண்டுக்குள் அல்லவா!

அத்தோடு விட்டார்களா? "அவ்வளவு சின்னது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைக் கண்காணிக்க முடியாது. கண்காணிக்க முடியாதது பறக்கக்கூடாது." இதுதான் தீர்மானத்தின் காரணம், இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பார்க்காதது யார் குற்றம் நண்பர்களே? மின்சாரத்தைப் பார்த்தவர் உண்டா? அதற்காக விளக்கை அணைக்கிறோமா? காய்ச்சலைப் பார்த்தவர் உண்டா? அதற்காக மருந்தைக் கொட்டுகிறோமா? சம்பந்தி கடை வாசலில் எழுதிப் போட்டிருக்கும் தள்ளுபடியை யாராவது பார்த்தது உண்டா? அதற்காக நாம் கண்ணாடி போடாமல் இருக்கிறோமா? கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒன்றைத் தடை செய்யலாம் என்றால், முதலில் தடை செய்ய வேண்டியது எதை? விமானத்தையா, கண்ணையா?

கைதட்டலுக்கு நன்றி. யார் அங்கே தாய்மார்கள் வரிசையில் கை தூக்குவது? தீர்மானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதம்மா. ஓ, சம்பந்தியம்மாவா? ஏதோ சொல்கிறார்கள். அந்த மைக்கை அவர்களிடம் கொடுங்கள் தம்பி. மைக் வேண்டாமாம். சரி, நீங்கள் சொல்லுங்கள், பின்வரிசைக்கு நான் திருப்பிச் சொல்கிறேன்.

"நான் பாக்கலைங்க சம்பந்தி, ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். ஆனா கேட்டேன்" என்கிறார். கேட்டீர்களா நண்பர்களே, கேட்டாராம்! எத்தனை முறை அம்மா? "பத்துத் தடவையும் கேட்டுச்சு."

பத்து! தலைவர் அவர்களே, பத்து! பல் மருத்துவர் அவர்களே, கோப்பையை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காதீர்கள், நெளிந்துவிடும். ஆறாவதும் கேட்டதல்லவா அம்மா? உரக்கச் சொல்லுங்கள்.

"கேட்டுச்சு. ஆனா மத்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால போச்சு. அது ஒண்ணு மட்டும் முன்னால போச்சு."

திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, பின்வரிசைக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். முன்னால் போனது என்றால், கம்பத்துக்கு உட்புறமாகத் திரும்பிவிட்டது என்று பொருள். உட்புறம் திரும்பினால் சுற்று கணக்கில்லை. தலைவர் பின்புறம் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் அவர் கண்ணில் படவில்லை. மைதானத்தின் மறுகோடியில் நின்ற என் கண்ணுக்கு உட்புறமும் வெளிப்புறமும் ஒன்றுபோல் தெரிந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் நினைக்கவில்லை. அம்மையாருக்கு ஸ்வெட்டரில் ஒரு பின்னல் விட்டுப்போயிருக்கும், அந்தக் குழப்பத்தில்…

தலைவர் எழுந்துவிட்டார். உட்காருங்கள் சம்பந்தி, உங்கள் மகிழ்ச்சியை உட்கார்ந்தே அனுபவிக்கலாம். இன்னும் மைக் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் யோசிக்க விடுங்கள்.

நண்பர்களே, ஓர் அம்மையார். குனிந்த தலை நிமிரவில்லை. வானத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. ஆனால் என் கொசு பத்து முறை வந்தது என்று தெரிகிறது. எந்த முறை முன்னால், எந்த முறை பின்னால் என்றுகூடத் தெரிகிறது! பார்க்காதவருக்கே இவ்வளவு தெரியுமானால், இதைக் கண்காணிக்க முடியாது என்று எந்த வாயால் சொல்வீர்கள்? கண்ணுக்குச் சிறியது, காதுக்குப் பெரியது! தீர்மானத்தின் ஒரே காரணம் எங்கே போயிற்று? ஆகவே சம்பந்தியம்மா கேட்டது உண்மை. ஆறாவது சுற்று முன்னால் போனது என்பது மட்டும்…

என்னம்மா? என் மகள் முன்வரிசையிலிருந்து சொல்கிறாள். "அத்தை சொன்னதுல உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்க முடியாதுப்பா."

இவளை யார் வளர்த்தது?

முடியாதுதான். காதை நம்பினால் முழுக் காதையும் நம்ப வேண்டும். ஆறாவது சுற்று வேண்டுமென்றால் அம்மையாரின் காது பொய். அம்மையாரின் காது பொய் என்றால் கொசுவுக்கு மைதானம் இல்லை. கோப்பையா, கொசுவா?

செயலாளர் அவர்களே, மூன்றாம் சீட்டு எழுத வேண்டாம், நானே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் கம்பத்துக்கு உட்புறம் திரும்பவில்லை. இதை என் உயிருள்ளவரை சொல்வேன். ஆனால் திரும்பினேன் என்று இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது சுற்றுத்தான். கோப்பை பல் மருத்துவருடையது. நடுவர் கொடி ஆட்டாதது சரி. சரி, சம்பந்தி, சரி! இந்தச் சொல்லை என் வாயிலிருந்து இனி நீங்கள் கேட்கப்போவதில்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கை உயர்த்தலாம். காதால் அறிந்ததைக் கண்ணால் தடுக்க விரும்புகிறவர்கள் உயர்த்துங்கள். கொசுவின் சிறகை முழக்கோலால் ஒடிக்க விரும்புகிறவர்கள் உயர்த்துங்கள். தாய்மார்கள் வரிசை, ஒன்றுமில்லை. கதவோரம், ஒன்றுமில்லை, ஒருவர் தலை சொறிகிறார், அதைச் சேர்க்க முடியாது. பல் மருத்துவரின் இரு கையும் கோப்பையில். செயலாளர் கை பாதி உயர்கிறது, கடிகாரம் பார்ப்பதற்காக. தலைவர் கை? தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். இரு கையாலும், மெதுவாக, மிக மெதுவாகத் துடைக்கிறார். கண்ணாடிக் கடைக்காரர் துடைத்தால் சீக்கிரம் முடியாது. முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அவர் தலையசைக்கிறார். தீர்மானம் விழுந்தது!

என் கடமைக்கு வருகிறேன். கேட்ட காதுக்கு நன்றி. பார்க்காத கண்ணுக்கும் நன்றி. சாய்த்து எறிந்த கைக்கு நன்றி. மண்பானைக்கு இடம் கொடுத்த வீட்டம்மாவுக்கு நன்றி. பொறுமையாய் இருந்த உங்களுக்கும், இல்லாத செயலாளருக்கும் நன்றி. தோற்றேன் என்று ஒப்புக்கொண்டவன் சார்பிலும், ஒப்புக்கொண்டதை இன்னும் ஒரு துளிகூட நம்பாதவன் சார்பிலும், இருவருமே நான்தான், உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.