எந்த வரி என்று கேட்ட எங்கள் செயலாளர்

மேகம் இறங்கி வந்து தோளில் கைபோடும் கொல்லிமலையில், மிளகும் மரவள்ளியும் விளைவிப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் செயலாளராய் அமர்ந்து, சீராய்ச் செம்மையாய்ச் செயலாற்றி, இன்று பணிநிறைவு காணும் பண்பாளரே! கொண்டையூசி வளைவுகளில் நாள்தோறும் வளைந்து வந்தும் வாழ்வில் வளையாத வாய்மையாளரே! சட்டம் என்ற சொல் காதில் விழுந்தாலே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்ளும் சான்றோரே! சேந்தமங்கலம் ஈன்ற செல்வரே, மருதாசலம் ஐயா அவர்களே! வணங்கி மகிழ்கிறோம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே இனி அவையோரைப் பார்த்தே பேசுகிறோம். யாரோ ஒரு மருதாசலத்தின் கதை என்று எண்ணித் தாங்களும் அமர்ந்து கேட்டருள்க.

சங்கத்துக்குக் கணினி வந்த காலம் அது. ஊரெல்லாம் திருட்டு சிடி போட்டுக் கணினியை ஓட்டிக்கொண்டிருந்தது. மருதாசலம் மட்டும் ஒப்பவில்லை. "அடுத்தவன் காட்டுக் கெழங்கைப் புடுங்கியாந்து நம்ம தராசுல வெக்கறதாட்ட இருக்குதுங்க" என்று கணினியைத் துணி போட்டு மூடிவைத்தார். அது பல நாள் மணமேடைப் பெண்போல் முக்காட்டுடன் இருந்தது.

எங்கள் எழுத்தர், திண்ணனூர் நாட்டு அருணா, லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியவர்களே உரிமம் தந்திருந்தார்கள். அந்த உரிமத்தை அகராதி வைத்துக்கொண்டு கடைசி எழுத்துவரை படித்த பிறகே மருதாசலம் முக்காட்டை நீக்கினார்.

அருணா அதில் எடைச்சீட்டைத் தமிழில் வரும்படி செய்தார். அதுவரை ஆங்கிலச் சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போன அரியூர் நாட்டுப் பொன்னாயி, முதன்முறையாகத் தன் சீட்டைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்த கையோடு, "ஏனுங்க, வெறுஞ்சாக்குக்கு இத்தனை எடையா கழிப்பீங்க? சாக்குக்குள்ள ஆளு உக்காந்திருக்குதா?" என்று சங்கமே அதிரக் கேட்டார். அன்றைக்கே சாக்கை நிறுத்துப் பார்த்தோம். கழிவு குறைந்தது. மருதாசலம் பூரித்துப்போனார். கேட்டவர்க்கெல்லாம் லினக்ஸ் சிடியைப் பிரசாதம்போல் வழங்கினார்.

அப்படியிருக்கையில், 2003ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் நாமக்கல் முகவர் சுரேந்தர் கழுத்துப்பட்டையுடன் மலையேறி வந்தார். வளைவுகளில் வந்த மயக்கம் தெளிந்ததும் பேசினார்.

"சார், நீங்க ஓட்டுற லினக்ஸ்ல எங்க கம்பெனி எழுதின புரோகிராம் வரிகள் கலந்திருக்கு. காப்பிரைட் சட்டப்படி எங்ககிட்ட லைசன்ஸ் வாங்கணும். இல்லேன்னா அடுத்த மாசத்துக்குள்ள மொத்தத்தையும் அழிச்சிடணும். மீறினா கேஸ்."

மருதாசலம் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். ஆயுளில் அடுத்தவர் குடையைக்கூட மாற்றி எடுத்துப் போகாத மனிதர். "அப்ப நாந் திருட்டுப் பொருளையா ஊருக்கெல்லாம் குடுத்தேன்?" என்றார்.

"அவிங்க சும்மா மெரட்டறாங்க சார்" என்றார் அருணா.

"நீ பேசாம இரு அம்மிணி. சட்டம்னா சட்டந்தான்."

மறுநாளே, கொடுத்த சிடிகளைத் திரும்ப வாங்கப் புறப்பட்டார். பஸ் போகாத இடத்துக்கு நடந்தார். பொன்னாயியோ சிடியைச் சாமைக்காட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது வெயிலில் மின்னிக் குருவிகளை விரட்டிக்கொண்டிருந்தது.

"அதைக் குடுத்துருங்க ஆத்தா, கம்பெனிக்காரன் கேஸு போடுவான்" என்று கைகூப்பினார் மருதாசலம்.

"போடட்டுமுங்க. அப்பறம் அவனே வந்து காட்டுல நின்னு குருவி ஓட்டுவானா? சீட்டையும் மறுக்கா இங்கிலீசுல குடுப்பீங்களாமா? நா யாருகிட்டப் போயிப் படிக்கச் சொல்றதுங்க?"

மருதாசலம் சோர்ந்து வரப்பில் உட்கார்ந்தார். எதிரே சாமைப் பயிருக்குள் பொன்னாயி குனிந்து களை பறிப்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், சடக்கென்று எழுந்து அலுவலகத்துக்கு விரைந்தார்.

"அம்மிணி, கலந்திருக்கறது சில வரிதானே? களையை மட்டும் புடுங்கிப்போட்டா? காட்டையே எதுக்குக் கொளுத்தறது? இதுல மொத்தம் எத்தனை வரி இருக்குது?"

"லச்சக்கணக்குல இருக்குதுங்க சார்."

"அச்சுல எடு."

அச்சுப்பொறி கதறியது, தாள் தீர்ந்தது, மறுபடி வாங்கி வந்தோம். முதற்கட்டமாக வந்த காகிதமே நான்கு மரவள்ளிச் சாக்குகளை நிறைத்தது. அவற்றைப் பஸ்ஸில் ஏற்றியபோது நடத்துநர், "கெழங்குங்களா?" என்றார். "இல்லீங்க, லினக்ஸு" என்றார் மருதாசலம். "அதென்ன ரகமுங்க, மாவு நெறைய வருமா?" என்று அந்த நல்ல மனிதர் அக்கறையாய் விசாரித்தார்.

நாமக்கல்லில் சுரேந்தரின் மேசைமுன் சாக்குகளை அவிழ்த்து, சிவப்புப் பேனாவைத் திறந்து நீட்டி, மெய்யான பணிவுடன் கேட்டார்: "உங்க வரி எதுன்னு அடிக்கோடு போட்டுக் குடுங்க. இன்னைக்கே அழிச்சுட்டு மன்னிப்பும் எழுதித் தர்றனுங்க."

"அது கம்பெனி ரகசியம் சார். காட்ட முடியாது."

"ரகசியத்தை நா எப்படிங்க அழிக்கறது? தப்பான வரியை அழிச்சுப்போட்டன்னா உங்க பொருளு எங்கிட்டயே நின்னுபோகுமே! எனக்குத் தூக்கம் வராதுங்க."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஏளனம் இல்லை, எகத்தாளம் இல்லை. மடியில் தயிர்சாதம், கையில் சிவப்புப் பேனா. சுரேந்தர் சென்னையைக் கேட்டார், சென்னை சீமையைக் கேட்டது, சீமை வாய்திறக்கவில்லை. இதற்குள் அங்கே லைசன்ஸ் வாங்க வந்தவர்கள் சாக்குகளைப் பார்த்து விவரம் கேட்டு, "ஆமாங்க, அது எந்த வரிங்க?" என்று தாங்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சுரேந்தர் பின்வாசல் வழியே போய்வரலானார்.

கெடு முடியும் நாளில் அவரே மலையேறி வந்தார். கழுத்துப்பட்டையைக் காணோம்.

"சார், லினக்ஸை நீங்களே வெச்சுக்குங்க. இனி எங்க ஆபீசுக்கு மட்டும் வந்துராதீங்க."

"அப்ப அந்த வரி?"

"இருந்துட்டுப் போகட்டும் சார்!"

"எழுதிக் குடுத்துருங்க சாமி."

'ஆட்சேபணை இல்லை' என்று சுரேந்தர் எழுதிக் கையெழுத்திட்டார். அதை வாங்கிய மருதாசலம் மிளகுக் கிடங்குக்குள் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். மிளகு நெடி கண்ணில் ஏறிவிட்டது என்றார். பிறகு விருந்தாளிக்குத் தம் கையாலேயே அன்னாசி அரிந்து கொடுத்து, வண்டிவரை உடன்சென்று, கதவைச் சாத்திவிட்டு, சன்னல் வழியே குனிந்து மெல்லச் சொன்னார்:

"என்னைக்காச்சும் அது எந்த வரின்னு தெரிஞ்சுதுன்னா, ஒரு போன் போடுங்க கண்ணு."

ஐயா! அன்றிலிருந்து நேற்று மாலைவரை சங்கத்தில் தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் எங்களை முந்தி ஓடிவந்து எடுத்தவர் தாங்களே. இனி அதை நாங்கள் எடுப்போம். வரி இன்னதென்று தெரிந்த மறுகணமே சேந்தமங்கலத்துக்கு ஆள் அனுப்புவோம். அதுவரை அஞ்சாது உண்டு, அயராது உலாவி, ஆழ உறங்கி, இல்லத்தரசியாரோடும் மக்களோடும் நூறாண்டு கடந்தும் நோயற்றுத் திளைத்திருக்க வேண்டுமென அறப்பளீசுவரரை இறைஞ்சுகிறோம்.

தங்கள் அன்பில் என்றும் நனையும்,
சங்கப் பணியாளர்கள்,
கொல்லிமலை.
வைகாசித் திங்கள், 2007.